வானத்தில் பதர்

ஆயில் பெயின்டிங்கில் வரைவது பாதி வேலை, காய்வதற்குக் காத்திருப்பது மீதி. என் வானம் ஒன்பது நாளாகியும் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இட்லிக்கு ஆகும்

நுண்கலைக் கல்லூரி நேர்காணலுக்கு ஆயிலில் ஒரு நகல் கொண்டுபோக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் ஏசி மெக்கானிக் கோர்ஸ் என்று அப்பா முடிவு பண்ணியாயிற்று. தஞ்சாவூரில் செல்போன் கடை மாடியில் வகுப்பு எடுக்கும் ஸ்டெல்லா மிஸ் ஒரு பிரிண்ட்டைக் கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ பயிற்சிக்காகப் போட்ட படம். மேலே கருமேகம், கீழே விளைந்த வயல், ஓரத்தில் ஒற்றை மரம். போட்டவரே முழுசாக முடிக்கவில்லை. நான் மட்டும் முடிக்க வேண்டுமாம்.

பாதி மேகத்தில், வர்ணம் குழைக்கிற லின்சீட் எண்ணெய் தீர்ந்துபோனது. எண்ணெய் எண்ணெய்தானே என்று சமையலறையிலிருந்து நல்லெண்ணெயை ஊற்றிக் குழைத்தேன். நீங்களும் செய்திருப்பீர்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். வைகாசி வெயிலிலும் காயவில்லை. மிஸ் கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"ஏன்டா, இது வானமா, இட்லிப் பொடியா?"

அந்தாளு எங்கே

முழு வானத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி போட்டேன். அடுத்து வயல். பிரிண்ட்டில் அது அழுக்கு மஞ்சள். பூதலூரில் வயலோடு வளர்ந்த என் கண்ணுக்கு அது தண்ணீர் இல்லாமல் கருகின பயிர். பாவமாக இருந்தது, கொஞ்சம் பச்சை சேர்த்தேன். மிஸ் துடைத்தார். மறுபடி சேர்த்தேன். மறுபடி துடைத்தார்.

ஒருவழியாக முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், அப்பா மேகத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், திரும்ப மேகத்தைப் பார்த்தார்.

"இவ்ளோ மேகம் கட்டிக்கிட்டு நிக்குது, இன்னும் அறுக்காம அந்தாளு எங்கடா போனான்?"

ஈரப்பதம்

நேர்காணலுக்கு முந்தின நாள். வானம் இன்னும் லேசாக ஒட்டியது. அப்பா கோடை நெல்லைக் களத்தில் பரப்பியிருந்தார். ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நெல் காய்கிற இடத்தில் படம் காயாதா? பக்கத்திலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் மேல்காற்று வீசுகிறது, காற்று வந்த சந்தோஷத்தில் களத்தில் இருந்த அத்தனை பேரும் நெல்லைத் தூற்றிக்கொண்டிருக்கிறார்கள். பறந்த பதரெல்லாம் என் மேகத்தில். கத்தினேன். யாரும் முறத்தைக்கூட இறக்கவில்லை. அப்பா மட்டும் வந்து, நெல்லைப் பார்க்கிற மாதிரியே படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஈரப்பதம் ஜாஸ்தி தம்பி, உன்னை எவனும் எடுக்க மாட்டான்."

காற்று

மிஸ்ஸுக்கு போன் போட்டேன். ஒவ்வொன்றாகக் கிள்ளி எடு என்றார். மூன்று பதர் எடுத்தேன். வானத்தில் மூன்று ஓட்டை. வெறுத்துப்போய் மறுநாள் நேர்காணலுக்கு அப்படியே கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"இதெல்லாம் பிரிண்ட்ல இல்லையே?"

"இல்ல சார். எங்க களத்துல தூத்துனாங்க, வந்து ஒட்டிக்கிச்சு."

"எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தா மேகமும் கூட வருது சார்."

வேறு ஏதாவது பெரிசாகச் சொல்லியிருக்கலாம். அவர் படத்தைப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஆசிரியையிடம் திருப்பிக் காட்டினார்.

"தம்பி போட்ட மேகத்துல காத்தே இல்ல மேடம், பதர்லதான் இருக்கு."

தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. சேர வரும்போது படத்தைச் சுத்தம் பண்ணிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், நாலாவது பதரை நான் இன்னும் எடுக்கவில்லை.