அறுபத்து மூன்றாம் நம்பர்

பேய் பிசாசு என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்தொரு வருஷம் விடியாத பனியில் தேயிலை மலை ஏறினவள், ஒன்றையும் கண்டதில்லை. படிப்பு எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுதான், ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நம்பினால் நம்புங்கள்.

என் மருமகள் செல்விக்கு அப்போது ஏழு மாதம். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னதால் மலைமேல் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தானா ராத்தாவில் பஸ் ஏறினோம். காட்டி முடித்ததும், வளைகாப்புக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில்தான் வளையல் வாங்குவேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அன்றைக்குப் பார்த்து டவுனில் அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம்.

“வேணாம் அத்தை, ரோட்டெல்லாம் போலீஸ்லா. நம்ம மலையில பிரிஞ்சாங்லயே வாங்கிக்கலாம்.”

“என் வீட்டு மருமவளுக்குப் ராத்திரிச் சந்தை பசார் மாலாம் வளையலா? ஊர்வலம் அவனுங்க பாட்டுக்குப் போறானுங்க. நீ வா.”

பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் பேரம் பேசி, பச்சையும் சிவப்புமாக நான்கு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வெளியே வந்தால் தெருமுனையில் புகை. கண் எரிந்தது. பெருங்கூட்டம் எங்களைப் பார்த்து ஓடி வருகிறது. கடைக்காரரும் கதவை இறக்கிவிட்டார். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளை அங்கே இழுத்து வந்தது நான்தான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று சுற்றிப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“அறுபத்தி மூணு.”

தோட்டத்தில் அது என் நம்பர். கொழுந்து நிறுக்கும்போது கணக்கெழுதும் கிராணி ஒரே ஒருமுறைதான் கூப்பிடுவார். கையில் தேத்தண்ணி இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, முகம் தெரிய முக்காட்டைப் பின்னால் தள்ளி, முன்னால் போய் நிற்க வேண்டும். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. வளையல் பொட்டலத்தைத் தரையில் வைத்தேன், தலையில் இல்லாத முக்காட்டைத் தள்ளினேன், செல்வியின் கையைப் பிடித்துக் குரல் வந்த பக்கம் நடந்தேன். இரண்டு கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து, அதுவரை என் கண்ணில் படவே இல்லை. நாங்கள் உள்ளே போகவும் கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடவும் சரியாக இருந்தது. சந்தில் ஒருவரும் இல்லை. அடங்கினபிறகு வந்து பார்த்தால், நாங்கள் நின்ற இடத்தில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடித் தூள்.

பயத்தில் காது ஏமாற்றிவிட்டது என்றே வைத்துக்கொண்டேன். பஸ் மலை ஏறும்போது செல்வி மெல்லக் கேட்டாள்.

“அத்தை, அங்க நம்பர் கூப்பிட்டது யாரு?”

“உனக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சே. அறுபத்தி மூணு, அறுபத்தி நாலுன்னு.”

எனக்குக் கேட்டது ஒரு நம்பர்தான். செல்வி ஈப்போ டவுனில் வளர்ந்தவள், தோட்டத்து வழக்கம் தெரியாது, என் நம்பரை அவளிடம் நான் சொன்னதும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு, என் பேத்திக்கு, இப்போது நான்கு வயது. போன வாரம் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட எண்ணிக்கொண்டிருந்தார்கள். அறுபத்தி நாலு என்றதும், என் பக்கத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் குவளையைக் கீழே வைத்தாள். தலையில் இல்லாத எதையோ இரண்டு கையாலும் பின்னால் தள்ளினாள். எழுந்து நாலு அடி முன்னால் போய் நின்றாள். கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. எதிரே ஆள் இல்லை. கொழுந்துக் கூடையைத் தராசில் நிறுத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பவள் போலவே நின்றாள்.