பணிவான கடிதமும் ஐந்து நாள் தண்ணீரும்

போன கிழமைதான் எங்கள் பக்கத்தில் சிறுபோக அறுவடை முடிந்தது. அது முடியட்டும் என்றுதான் இந்த விஷயத்தை எழுதாமல் வைத்திருந்தேன். விளைச்சல் என்னவென்று தெரியாமல் எப்படி எழுதுவது? இந்தத் தடவை விளைச்சலில் என் இங்கிலீஷுக்கும் ஒரு பங்கு இருக்கிறதே!

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. பதினெட்டு வருடமாக அதைப் படிப்பித்துத்தான் சாப்பிடுகிறேன். பாஸ்போர்ட், சவூதி வேலை, இடமாற்றம் – எதற்கு இங்கிலீஷில் கடிதம் தேவைப்பட்டாலும் சாய்ந்தமருதில் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். சொந்தமாக டைப்ரைட்டரும் உண்டு.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அலியார் காக்கா வந்தார். எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் வயல்வெளிக்கு அவர்தான் வட்டை விதானை. வாய்க்கால் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. போகாவிட்டால் எல்லாரிடமும் ஏச்சு வாங்குவதும் அவர் வேலைதான்.

“மாஸ்டர், இஞ்சினியருக்கு ஒரு காயிதம் எழுதணும்.”

“என்ன விஷயம் காக்கா?”

“வாற வெள்ளிக்கிழமையோட நாலாம் வாய்க்கால் தண்ணியப் பூட்டப் போறாங்களாம். மேல்பக்கத்து வயலெல்லாம் முத்திட்டு. எங்கட பக்கம் பிந்தி விதைச்ச. பயிர் இப்பதான் குடலையில நிக்கிது. அதுக்குப் பொறகும் அஞ்சு நாளைக்குத் தண்ணி வேணும். இல்லாட்டி எல்லாம் பதராப் போயிரும்.”

குடலை என்றால், கதிர் வெளியே வராமல் பயிரின் வயிற்றுக்குள் இருக்கும் பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது.

அம்பாறையில் இருக்கும் நீர்ப்பாசன இஞ்சினியர் சிங்களவர். தமிழ் வாசிக்கமாட்டார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. ஆக, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது இங்கிலீஷ்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். தமிழில் “தண்ணீர் விடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்” என்றால் அது பணிவு. அதே ‘வேண்டும்’ இங்கிலீஷுக்குள் நுழைந்தால் ‘யூ மஸ்ட்’ ஆகிவிடும் – அது கட்டளை! “யூ மஸ்ட் கிவ் மீ லீவ்” என்று பள்ளிக்கூட அதிபருக்கே எழுதிய மாணவர்கள் எனக்கு உண்டு. அந்தக் குழியில் நான் விழுவேனா? விழவில்லை. மறுபக்கம் ஓடிப்போய் இன்னொரு குழியில் விழுந்தேன்.

ஒன்றரைப் பக்கம் டைப் அடித்தேன். ‘ஐ மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுலி பெக்’ என்று தொடக்கம். பிறகு ‘பி கைன்ட் எனஃப்’, ‘சிம்பதெட்டிக் கன்சிடரேஷன்’... முடிவில், ‘அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’. உரக்க வாசித்தும் காட்டினேன்.

“ஒண்டும் விளங்கல்ல மாஸ்டர். ஆனா கேக்க நல்ல சங்கை மரியாதையா இரிக்கி” என்றார் அலியார் காக்கா.

திங்கட்கிழமை அவரே பஸ் ஏறி அம்பாறைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். செவ்வாய், புதன், வியாழன்... ஒரு பதிலும் இல்லை. வெள்ளிக்கிழமை, சொன்னபடியே வாய்க்காலைப் பூட்டிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு மரியாதையாகக் கேட்டும் மசியாத மனிதனா? அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் அலியார் காக்காவுடன் போனேன். வழி நெடுகக் கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. பஸ் ஜன்னலால் வயல்களைப் பார்த்தபடி இருந்தார் அவர்.

இஞ்சினியர் எழுந்து கை கொடுத்தார். ஃபைலைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார். இங்கிலீஷில்தான் பேசினார்.

“மாஸ்டர், அழகான கடிதம். இரண்டு தரம் வாசித்தேன். விவசாயிகளின் சிரமத்தைக் கருணையோடு நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். நினைத்துப் பார்த்தேன்.”

கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“எனக்கு வசதிப்படும்போது செய்யச் சொல்லியிருந்தீர்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாமென்று எடுத்து வைத்தேன். அதைவிட அவசரமா? எந்த வாய்க்கால்? எத்தனை நாளைக்கு?”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை பார்த்தேன்.

“என்ன செல்றார் மாஸ்டர்?” என்று கேட்டார் அலியார் காக்கா.

“எந்த வாய்க்கால், எத்தின நாளைக்கெண்டு கேக்கிறார்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அத நீங்க எழுதல்லயா?”

பதினெட்டு வருடத்தில் எந்தப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரும் என்னிடம் அப்படியொரு கேள்வி கேட்டதில்லை.

இஞ்சினியர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “இங்கேயே எழுதுங்கள்.”

பேனையைத் திறந்தேன். முதல் வசனம் வரவில்லை. அலியார் காக்காவிடமே கேட்டேன்: “காக்கா, நீங்க இவரோட நேர கதைக்கிறெண்டா என்ன செல்லுவீங்க?”

“நாலாம் வாய்க்காலுக்கு நாளைக்கே தண்ணி விடுங்க. அஞ்சு நாளைக்குப் போதும். பயிர் குடலையில நிக்கிது, தண்ணி இல்லாட்டிப் பதராப் போயிரும். அவ்வளவுதானே!”

அதை அப்படியே எழுதினேன். முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’. கடைசியில் ஒரு ‘தேங்க் யூ’. மொத்தம் நாலு வரி. ‘மஸ்ட்’ இல்லை. ‘பெக்’கும் இல்லை.

இஞ்சினியர் வாசித்துவிட்டு டெலிபோனை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் திறந்தார்கள். அது வாய்க்காலின் கடைசி வயலுக்கு வந்து சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. தண்ணீரில்லாத அந்த ஒரு கிழமைக் காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு அநேகமாக எல்லா வயலும் பிழைத்தது. கடைசி இரண்டு ஏக்கர் மட்டும் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் பதர்.

அந்த இரண்டு ஏக்கரும் யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. போன கிழமை வயலுக்குப் போனபோதுதான் தெரிந்தது – அலியார் காக்காவுடையது.

அவர் வரம்பில் நின்று வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினேன். கையில் ஏழோ எட்டோ மணிதான் நின்றது.

“காக்கா, என்ட முதல் காயிதத்தாலதான் இது. என்னில பிழை” என்றேன். இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது விதம் தெரியும். தமிழில் அன்றைக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவர் மறுக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்:

“ஓம் மாஸ்டர். அது நல்ல காயிதம்தான். ஆனா அதுக்குள்ள நாங்க இருக்கல்ல.” பிறகு, “மத்தவங்களுக்கெல்லாம் விளைஞ்சிட்டுதானே, அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் யாருக்கு மரியாதை செய்திருக்கிறேன்? இஞ்சினியருக்கா? அவரை இரண்டு தரம் வாசிக்க வைத்ததுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் – என் இங்கிலீஷுக்கு நானே மாலை போட்டிருக்கிறேன். பெரிய பதவியில் இருப்பவருக்கு எழுதும்போது நாம் குனிகிற குனிவில், கேட்க வந்த விஷயம் சட்டைப் பையிலிருந்து கீழே விழுந்துவிடுகிறது. என்ன வேண்டும், எப்போது வேண்டும், ஏன் வேண்டும் என்று அவருக்கு ஒரே மூச்சில் விளங்கவைப்பதைவிட வேறென்ன பணிவு?

இப்போதும் எனக்கு இங்கிலீஷ் நன்றாகத்தான் வரும். முன்னைவிட நன்றாக.

நேற்றுக்கூட ஒரு பெண் வந்திருந்தார். ரியாத்திலிருக்கும் கணவருக்கு லீவு கேட்டு அவருடைய கம்பெனிக்கு எழுதவேண்டுமாம். “நல்ல பணிவா எழுதுங்க மாஸ்டர்” என்றார் வந்ததும் வராததுமாக.

“விஷயத்த நீங்க செல்லுங்க தங்கச்சி. பணிவ நான் பாத்துக்கிறன்.”