வாரைப் பிடிக்க வேண்டியது சொந்தக்காரராம்

நாய் பழக்குகிற தொழிலில் நாயால் வரும் தொல்லை கொஞ்சம். சொந்தக்காரராலும், பக்கத்தில் கடை போட்டிருக்கும் இன்னொரு பயிற்சியாளனாலும்தான் வயிறு எரியும். இதில் கை காய்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபாதித் திடல்

சுவா சூ காங் பக்கம் ஒரு திடலில் பல வருடமாகப் பழக்குகிறேன். என் முறை சுருக்கமானது. நாயை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். சொந்தக்காரர் நிழலில் உட்கார்ந்து கோப்பி குடிக்கலாம். பழகி முடிந்ததும் திருப்பித் தருவேன். என் விரல் அசைந்தால் எந்த நாயும் உட்காரும்.

இப்போது கடிக்கிற இனங்களுக்கான விதிகளைத் திருத்திவிட்டார்கள். வாய்க்கூடும் வாரும் பழைய கதை. நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், சொந்தக்காரரே வாரைப் பிடித்து, அதிகாரி முன்னால் அதை அடக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நாயைக் கொண்டுபோய்விடுவார்கள். கடித்தது நாய், பரீட்சை ஆளுக்கு.

திடலின் மறுபாதியைப் பிரகாஷ் எடுத்திருக்கிறான். என் மகனைவிடச் சின்னவன். இடுப்பில் பிஸ்கட் பை. நாயைத் தொடவே மாட்டான். ஆட்களை வரிசையாக நிற்கவைத்து அவர்களுக்குப் பாடம் எடுப்பான். விதி மாறியதும் அவன் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. என் பக்கம் புல் வளர்ந்தது. என் பழைய வாடிக்கைக்காரர் கோபால் ஒருநாள் தன் டாபர்மேனோடு என்னைத் தாண்டி அங்கே போனார். பார்க்காததுபோலப் போயிருந்தால் விட்டிருப்பேன். நின்று சொல்லிவிட்டுப் போனார்:

"உங்கமேல குறை இல்லண்ணே. வீட்டுக்கு வந்தா இவன் உங்களத்தான் தேடுறான், எங்கள மதிக்க மாட்டேங்குறான் லா."

ராஜா என் முகத்தைப் பார்த்தான்

பூங்கொடி அம்மா சிராங்கூனில் கேட் வைத்த தரைவீட்டில் இருக்கிறார். கணவர் இறந்தபின் துணைக்கு ராஜா மட்டும்தான். ராட்வைலர், என் கையில் வளர்ந்தவன். ஒருநாள் கேட் சரியாகச் சாத்தவில்லை. சாப்பாடு டெலிவரி செய்ய வந்தவரின் கெண்டைக்காலில் வாய் வைத்துவிட்டான். தையல் போட்டார்கள். அதிகாரி வந்து பரீட்சைக்கு நாள் குறித்தார். அம்மா தோற்றால் ராஜா இல்லை.

நேரே என்னிடம்தான் வந்தார். என்னைக் கண்டதும் ராஜா காலடியில் படுத்துப் புரண்டான். பிரகாஷ் பார்க்கிறானா என்று பார்த்தேன். பார்த்தான். திருப்தி. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். இருக்கச் சொன்னேன், இருந்தான். வாரை அம்மாவிடம் கொடுத்தேன்.

"ராஜா, உட்காருப்பா," என்றார்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவர் திரும்பச் சொன்னார். திரும்பவும் என் முகத்தைத்தான் பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைப்பானேன். மறுபாதியிலிருந்து பிரகாஷ் குரல் கொடுத்தான்:

"அங்கிள், நாய் பாஸ், நீங்களும் பாஸ். அம்மாதான் ஃபெயில்."

தேக்காவில் தே

அம்மா அவன் பக்கம் போய்விட்டார். போகட்டும். ஆனால் ராஜா போகவில்லை. பாதி வகுப்பில் வாரை இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். அடுத்த வகுப்பிலும் அதே கதை. நான் கூப்பிடவில்லை; விரட்டவும் இல்லை. கடைசியில் பிரகாஷ் வந்து, தன் வகுப்பு நேரத்தில் நான் திடலில் இருக்கக் கூடாது என்றான். இது என் பாதி என்றேன். அம்மா குறுக்கே வந்தார். "ராஜா இல்லாம நான் அந்த வீட்டுல எப்படி இருப்பேன்? கொஞ்சம் தள்ளிப் போங்கய்யா," என்றார்.

தேக்கா சந்தையில் ஒரு தேநீர்க் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். தள்ளிப் போகச் சொன்னால் தள்ளித்தானே போக வேண்டும். வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் அங்கே தேதான். இந்நேரம் ராஜா பிரகாஷ் கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பான் என்று நினைத்தாலே தே இறங்காது. கடைக்காரர் என் மூஞ்சியைப் பார்த்து என்ன விஷயம் என்றார். நான் வளர்த்ததை வேறொருவன் பிடித்துக்கொண்டான் என்றேன். தலையாட்டிக்கொண்டே ஆற்றினார். எதை என்று கேட்டார். நாயை என்றேன். ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"நாயா? நான் வீட்டுல ஏதோ பிரச்சினைன்னு நினைச்சு சீனி கூடுதலாப் போட்டுட்டேன்."

வேனுக்குள் இரண்டு பேர்

பரீட்சை அன்று பயிற்சியாளர்கள் திடலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றேன். காற்று என் முதுகிலிருந்து திடலுக்கு அடித்தது. என் வாடை பட்டு ராஜாவின் மூக்கு மெல்ல உயர்ந்தது. தொழில் தெரிந்தவனுக்கு அது போதும். அடுத்த நிமிடம் திரும்பி இழுப்பான், அம்மா விழுவார், கதை முடியும். பக்கத்தில் இருந்தது பிரகாஷின் வேன். ஏறிக் கதவைச் சாத்தினேன். அவனும் உள்ளே இருந்தான். ஏசி போடவில்லை, சத்தம் வருமாம். வேர்த்துக் கொட்டியது. எதையோ நீட்டினான். நாய் பிஸ்கட். வாங்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ராஜாவின் மூக்கு இறங்கியது. அம்மாவோடு நடந்தான். சொன்ன இடத்தில் உட்கார்ந்தான். ஒருவர் டெலிவரிப் பையோடு பக்கத்தில் நடந்தார். அம்மா ஏதோ மெதுவாகச் சொன்னார். அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். வேறு எங்கேயும் பார்க்கவில்லை. நான் வேனை விட்டு இறங்கினாலும் பார்த்திருக்க மாட்டான் என்று தோன்றியது. கதவுப் பிடியில் கை வைத்தேன். இறங்கவில்லை.

பாஸ். பிரகாஷ் என் தொடையைத் தட்டினான். அவன் கையை எடுத்து அவன் தொடையிலேயே வைத்தேன். அம்மா ராஜாவைக் காரில் ஏற்றிவிட்டுத் தனியாக வேனுக்கு வந்தார். அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னது இது:

"கோச்சுக்காதீங்கய்யா. கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க. உங்களப் பார்த்தா மறுபடியும் என்னை மறந்துருவான்."

பொறுப்பு சொந்தக்காரருக்கு என்று சட்டத்தில் தெளிவாக எழுதிவிட்டார்கள். பொறாமை யாருக்கு என்று எழுதாததால் அதை நானே வைத்துக்கொண்டேன்.