பின்பக்கத்தில் இருந்தவர்

"சார், நீங்க பிரிண்ட்டா, ஆன்லைனா?"

போன வாரம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்த காலேஜ் பெண், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இப்படிக் கேட்டாள். ரத்த குரூப் கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"ரெண்டும்தாம்மா. முப்பது வருஷம் பிரிண்ட். இப்போ ஏதோ பாவம் பாத்து ஆன்லைன்ல எழுத விட்டிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. போனில் டைப் செய்துகொண்டாள்.

வாரா வாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு என் பூர்வாசிரமம் தெரியும். மும்பையில் ஒரு தமிழ் நாளிதழில் நான் துணை ஆசிரியராக இருந்தவன். அந்தப் பேப்பர் இப்போது அச்சில் வருவதில்லை. வெப்சைட்டாக இருக்கிறது. இதை நீங்கள் படித்துக்கொண்டிருப்பதும் அதில்தான்.

வந்தவள் பெயர் இசக்கியம்மாள். தாராவியில் வீடு. வீட்டில் இசக்கி, காலேஜில் இஷா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஜர்னலிசம் கடைசி வருடம். அச்சிலிருந்து இணையத்துக்குச் செய்தி எப்படி மாறியது என்று ஒரு புராஜெக்ட்.

கேட்க ஒரு ஆள் கிடைத்தால் நம்மைப் பிடிக்க முடியுமா? ஒரு மணி நேரம் பொழிந்து தள்ளினேன். ஆன்லைனில் காலையில் ஒன்று போடுகிறார்கள், மதியம் சத்தமில்லாமல் மாற்றுகிறார்கள், சாயங்காலம் தூக்கிவிடுகிறார்கள். அச்சில் அது நடக்குமா? போட்டால் போட்டதுதான். தப்பு என்றால் மறுநாள் 'திருத்தம்' என்று போட்டு மானம் போக வேண்டும்.

"எழுதிக்கோம்மா" என்றேன். "அச்சுல வந்தாத்தான் செய்தி. மத்ததெல்லாம் வெறும் பேச்சு."

அதைத் தமிழ் வார்த்தைகளாக, ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் டைப் செய்துகொண்டாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாளாம். பள்ளிக்கூடம் முழுக்க இந்தி, இங்கிலீஷ்.

என் மனைவி வசந்தா காபி கொண்டு வந்து வைத்தாள். அந்தப் பெண் டம்ளரைத் தொடவில்லை.

"சார், அந்தப் பேப்பரோட பழைய இஷ்யூ எங்க கிடைக்கும்?"

"எவ்வளவு பழசு?"

"நான் பொறக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா சுடலைமுத்து, தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு ஜூலை மாத மழையில் பட்டறைச் சுவர் இடிந்து இறந்துபோனார். இசக்கி அப்போது வயிற்றில். கூட இருந்த இரண்டு பேரை வெளியே தள்ளிக் காப்பாற்றிவிட்டுத்தான் அவர் செத்தார் என்று பேப்பரில் போட்டிருந்ததாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ வாசித்துச் சொன்னார்கள். அந்தப் பேப்பரை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். இன்னொரு மழையில், அப்போது கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, பெட்டியோடு அது கூழாகிப் போனது.

"அம்மா டெய்லி சொல்லும் சார். உங்க அப்பா பேப்பர்ல வந்த ஆளுன்னு. நான் எல்லா மாதிரியும் சர்ச் பண்ணிட்டேன். தமிழ்ல, இங்கிலீஷ்ல, இந்தில. கூகுள்ல எங்க அப்பா இல்ல."

அவளுக்குப் புராஜெக்ட் ஒரு சாக்கு. அந்தப் பேப்பர்தான் வேண்டும்.

நான் என்ன சொல்வது? வெப்சைட்டில் பழைய செய்திகள் இருக்கின்றன. ஆனால் வெப்சைட் தொடங்கிய நாளிலிருந்துதான். அதற்கு முந்தையது எல்லாம் வருடவாரியாக பைண்ட் செய்து ஆபீஸ் மாடியில் இருந்தது. இடத்தைக் காலி செய்தபோது அத்தனையையும் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரர் எடை போட்டு டெம்போவில் ஏற்றிப் போனார். நானும் கூட நின்று பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான். சுமை ஏற்றுகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றேன்.

"ஒண்ணு கூட இல்லியா சார்?"

"இல்லைம்மா."

அவள் தலை குனிந்துகொண்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடம் வந்தால் நான் என்ன செய்வேன்? பீற்றிக்கொள்வேன். பீரோவைத் திறந்து என் நோட்டுகளை எடுத்துப் போட்டேன். வியாழன்தோறும் அச்சில் வந்த என் பத்திகள். ஒன்று விடாமல் கத்தரித்து, வசந்தா காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசையால் நீள நோட்டுகளில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மீசையோடு என் போட்டோ.

"பாரு, இதெல்லாம் அச்சு. எப்படி நிக்குது!"

அவள் மரியாதைக்குப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எனக்கே தோன்றியதில்லை. என் பத்தி வந்தது ஐந்தாம் பக்கம். அதே தாளின் பின்பக்கம் ஆறாம் பக்கம். ஆறாம் பக்கம் மும்பைச் செய்திகள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், கல்யாண்... நம் ஊர் விஷயமெல்லாம் அங்கேதான். நான்தான் அந்தப் பக்கத்தைத் தயாரிப்பேன்!

"அப்பா எறந்தது என்னைக்கு?"

போனில் இருந்த இறப்புச் சான்றிதழைக் காட்டினாள். தேதியைக் காலண்டரில் தேடிப் பார்த்தோம். புதன்கிழமை.

செய்தி வந்திருந்தால் வியாழக்கிழமை.

அந்த வாரத்துப் பத்தியைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தலைப்பு 'நுரை இல்லாத காபி'. மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் காபியில் நுரை குறைந்துவிட்டது என்று அரைப் பக்கத்துக்குப் புலம்பியிருந்தேன். நிறைய பேர் பாராட்டினார்கள், ஞாபகம் இருக்கிறது. பிரித்தால் அது கிழிந்தாலும் கிழியும். தயங்கினேன். ஆமாம், அந்த நேரத்திலும் தயங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வசந்தா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன யோசனை? அந்த நுரையை யாரும் தேடப் போறதில்லை. பிரிங்க" என்றாள்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, நோட்டை ஆவியில் காட்டி, வசந்தா பசையை இளக்கினாள். நான் ஸ்கேலால் மெதுவாக நெம்பினேன். இசக்கி மூச்சு விடாமல் நின்றாள். என் மீசை இருந்த மூலை கிழிந்தது. மற்றபடி தாள் முழுசாக வந்தது. திருப்பி மேஜை மேல் வைத்தோம்.

இருந்தது.

என் பத்தி பெரியது, செய்தி சின்னது. அதனால் என் கத்தரிக்கோலுக்குத் தப்பியிருந்தது. என் காபிப் புலம்பலின் அகலத்துக்குள் ஒரு மனிதனின் சாவு மொத்தமும் அடங்கியிருந்தது.

இசக்கி எழுத்து எழுத்தாக வாசித்தாள். தாராவியில் சுவர் இடிந்து தொழிலாளி பலி. நேற்று பெய்த பலத்த மழையில் தாராவியில் தோல் பட்டறை ஒன்றின் சுவர் இடிந்து விழுந்தது. இதில் அங்கு வேலை செய்துவந்த சுடலைமுத்து (31) பலியானார். மேலும் இருவர் உயிர் தப்பினர். போலீசார் விசாரித்து வருகின்றனர்.

அவ்வளவுதான்.

கடைசிக்கு முந்தின வரியை மறுபடி வாசித்தாள். "மேலும்... இருவர்... உயிர்... தப்பினர்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "காப்பாத்தினாருன்னு இல்லியே, சார்."

இல்லை.

அது யார் எழுதிய வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன். பேப்பர் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், கீழே இருப்பது போனால் பரவாயில்லை என்பது கணக்கு. தாராவி நிருபர் நிறைய எழுதிக் கொடுப்பார். நான் பேனாவை எடுத்துக் கடைசிப் பத்து வரியை அடித்துவிட்டு, ஒரு வரியில் சுருக்கி முடிப்பேன். 'மேலும் இருவர் உயிர் தப்பினர்' என்பது என் கைப்பழக்க வரி. எத்தனை விபத்துக்கு எழுதியிருப்பேனோ! எப்படித் தப்பினர், யார் தப்புவித்தார்? நான் கேட்டதே இல்லை.

அன்று அந்த நிருபர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று எனக்கு நினைவில்லை. அவரும் இப்போது உயிரோடு இல்லை. இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ நீங்க வெட்டினதுல அது இருந்திருக்கலாம்?"

"இருந்திருக்கலாம்."

"இல்லாமலும் இருந்திருக்கலாம்?"

"ஆமாம்மா."

தாளின் ஓரத்தை நீவியபடி, "ஆன்லைன்ல எடம் இருக்கும்ல, சார்?" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. புராஜெக்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் தாளை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். கிளம்பும்போது, "அம்மாட்ட நான் வாசிச்சா நம்பாது. உனக்கு ஒழுங்கா வாசிக்கத் தெரியலன்னு சொல்லிரும். நீங்களே வந்து வாசிங்க சார், சலேகா?" என்று இந்தி கலந்து சம்மதம் கேட்டாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தாராவி. சந்துக்குள் சந்து, அதற்குள் ஓர் இரும்பு ஏணி. மேலே ஒற்றை அறை. இசக்கியின் அம்மா பேச்சியம்மாள், ரெடிமேட் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலை செய்கிறார். அறை பூராவும் சட்டைக் குவியல். என்னைக் கண்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்கய்யா. ஏளா, அந்த ஃபேனைத் திருப்பி வையி."

பிளாஸ்டிக் உறையில் இருந்த தாளை வாங்கினார். என் பத்தி மேலாக இருந்தது. பாதி மீசையைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"நான்தாம்மா. அப்போ எடுத்தது."

"அந்தப் பக்கம்மா" என்று இசக்கி திருப்பிக் கொடுத்து, செய்தியின் மேல் விரலை வைத்தாள். பேச்சியம்மாள் அதையே பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார். "அன்னைக்குப் பெருசா இருந்த மாதிரில்லா இருந்திச்சு."

தாளை என் பக்கம் நீட்டினார்.

"ரெண்டு பேரைக் காப்பாத்தினதும் போட்டிருக்குல்லாய்யா? வாசிங்க."

வாசித்தேன். இசக்கியின் விரல் வரி வரியாகக் கூடவே வந்தது. சுவர் இடிந்தது. சுடலைமுத்து பலியானார். அடுத்த வரிக்கு வந்தேன். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"தன்னுடன் இருந்த இருவரை வெளியே தள்ளிக் காப்பாற்றிவிட்டு அவர் உயிரை விட்டார்" என்று வாசித்தேன்.

இசக்கியின் விரல் நின்றது. அவள் நிமிரவில்லை.

"நான் சொன்னேம்லா? சொன்னா நம்புனியா நீ?" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு மட்டம் வாசிங்கய்யா."

மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் ஒரு வார்த்தை மாறாமல் பார்த்துக்கொண்டேன். போட்டால் போட்டதுதான் என்று லெக்சர் அடித்தவன், அச்சில் வந்ததை அந்த வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

டீ வந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "அன்னைக்கு இதை யாரும்மா வாசிச்சுச் சொன்னது?" என்று கேட்டேன்.

"பட்டறை மேஸ்திரிதான்யா. அவரே பேப்பரை வாங்கிட்டு வந்து, கீழ் வீட்டுல உக்காந்து வாசிச்சாவ. கையில பெரிய கட்டு. வாசிக்க முடியாம அழுதாவ. அவரும் அந்தச் செவத்துக்கிட்டத்தான நின்னாவ. காப்பாத்துன ரெண்டு பேருல அவரு ஒருத்தருல்லா. அப்புறம் ஊருக்குப் போனவுக, வரவே இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தேன். இசக்கி இப்போது என்னை நேராகப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அந்த மேஸ்திரி பேப்பரில் இருந்ததை வாசிக்கவில்லை. நடந்ததை வாசித்திருக்கிறார். பேப்பரில் நான் விட்ட இடத்தை, கட்டுப் போட்ட கையோடு அவர் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடமாக அந்தக் குடும்பத்தில் செய்தி உயிரோடு இருந்தது அவர் பேச்சால்தான், என் அச்சால் இல்லை.

இரும்பு ஏணி செங்குத்து. இசக்கி கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஏணியடியில், இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். பேரு போட்டு, முழுசா எழுதுங்க. அம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டும்போது நீங்க மாத்தி வாசிச்ச எடத்தை மட்டும் தாண்டிருதேன்."

எழுதிவிட்டேன். இனி யார் தேடினாலும் சுடலைமுத்து கிடைப்பார். ஆனால் ஒன்று. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இந்தத் திரைக்குப் பின்பக்கம் கிடையாது. போனைத் திருப்பினால் கேமராதான் இருக்கும். இன்று நாம் யாரைக் கவனிக்காமல் விடுகிறோமோ, அவர்களை நாளைக்கு எந்தப் பசையை இளக்கிக் கண்டுபிடிப்பது?

நேற்று இசக்கியிடமிருந்து வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ். புராஜெக்ட் முடிந்துவிட்டதாம். "சார், மொத பக்கத்துல நீங்க சொன்ன லைன் இருக்கு. அச்சுல வந்தாத்தான் செய்தி, மத்ததெல்லாம் வெறும் பேச்சுன்னு. வச்சுக்கவா, எடுத்துரவா?"

எடுத்துவிடு என்றேன்.

முப்பது வருடம் வெட்டியதில், சரியாக வெட்டிய வரி அது ஒன்றுதான்.