அவள் ஓரம், நான் நடு

மஸ்கட்டில் பல வருடம் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி ஓட்டியவன் நான். போர்ட் பிளேர் திரும்பிய மறுநாளே மனைவிக்குப் பிரசவ வலி. பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி, அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். இன்டிகேட்டர் என்று தட்டினால் வைப்பர் ஓடியது. டெய்ரி ஃபார்ம் வளைவில் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் ஏறிவிட்டேன்.

"ஏங்க, பஸ்ஸு நம்ம மேலயே வருதுங்க" என்று வயிற்றைப் பொத்திக்கொண்டு கதறினாள்.

ஒடித்துத் திருப்பியதில் கார் சாக்கடை விளிம்பில் நின்றது. திட்ட இறங்கி வந்த பஸ் டிரைவர் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "அரே பாய், லெஃப்ட்லயே போ. ஆராமா, மெதுவா போ."

மகள் நலமாகப் பிறந்தாள். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: மனைவி சாலையோரம், நான் நடுக்கோட்டுப் பக்கம். எது வந்தாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.