கழுத்துக்குள் இரைந்த சத்தம்

ஏழாயிரம்பண்ணைக்காரி பத்திரகாளி, ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலுக்குள் மடக்கி இறுக்குவதில் அவளுடைய வலது கை விரல்களுக்கு ஈடு அங்கே யாருமில்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. 2005 தீபாவளி சீசன் முடிகிற சமயம், கழுத்தில் பிடித்த வலி தோள் வழியாக இறங்கிக் கட்டைவிரலில் நெருப்பாக எரிந்தபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. பின்னுகிறவளுக்குக் கழுத்து வலிப்பது வழக்கம்தானே.

எண்ணெய் போட்டு நீவினார்கள். சாத்தூரில் ஒரு டாக்டர் எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை கொடுத்தார். பட்டை போட்டால் குனிய முடியாது. குனியாமல் பின்ன முடியாது. கழற்றி வைத்துவிட்டாள். அடுத்த கோடையில் விரல்கள் மரத்துப்போயின. பிடித்த திரி கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கை ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. வலது காதில் நாடித் துடிப்போடு சேர்ந்து ஓர் இரைச்சல். அதை அவள் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. கம்பெனிப் பொட்டலில் சாயங்காலமானால் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களில் காது இரையாதவர்கள் குறைவு. அதைப் போய் நோய் என்று சொல்வதா?

கூடவே வேலை பார்த்த அய்யம்மாள், பத்திரகாளியின் கணவனுக்குத் தங்கை. வேலை முடிந்து திரும்பும்போது வேனில் மதினியின் தோளில் சாய்ந்து தூங்குவது அவள் வழக்கம். ஒருநாள் ரயில்வே கேட் அடைத்திருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

"மதினி, களுத்துக்குள்ள என்ன, மாவு மில்லு ஓட்டுறீகளா?"

"பேசாமத் தூங்குட்டீ."

"நெசமாத்தான். உஸ்ஸு உஸ்ஸுங்குது. அசையாம இருங்க, இன்னொருக்கா கேக்கேன்."

பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "எங்களுக்கும் கேக்கணும். டிக்கெட் எம்புட்டு?" என்றாள். வேனே சிரித்தது. அய்யம்மாள் சிரிக்காமல் காதை வைத்தபடி விரலால் தாளம் போட்டாள். பத்திரகாளிக்கு முகம் மாறியது. அவள் காதுக்குள் கேட்கிற அதே தாளம்.

"என் காதுல இரையுறது ஒனக்கு எப்பிடிட்டீ கேக்கும்?"

"அப்பம் அது காதுல இல்ல, மதினி."

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அய்யம்மாளே கூட்டிப்போனாள். உட்காருவதற்கு முன்பே, "ஐயா, இவுக களுத்துல காத வச்சுக் கேளுங்க" என்றாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதுக்குக் கீழே வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு ரத்தக் குழாய்கள் சேரக்கூடாத இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ரத்தம் இரைச்சலோடு வேகமாகப் பாய்ந்ததில் ஒன்று புடைத்து, கைக்குப் போகும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது.

"இனி யாரையும் கழுத்தை நீவ விடாதீங்க" என்றார் டாக்டர்.

"என் கை திரும்பி வருமா, ஐயா?"

"குழாயை அடைச்சிட்டா வலி குறையும். உணர்ச்சி வர்றதைப் பொறுத்திருந்துதான் பார்க்கணும்."

தொடை வழியாகச் சன்னமான குழாயைக் கழுத்துவரை செலுத்தி, அந்த இணைப்பை அடைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் பத்திரகாளி, "அய்யம்மா!" என்று அலறினாள். இரைச்சல் நின்றிருந்தது. காதே போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்.

"ஏன் மதினி இந்தக் கத்து கத்துறீக? வார்டே திரும்பிப் பாக்குது."

அது தெளிவாகக் கேட்டது. அதன் பிறகுதான் விரலில் எரிச்சல் இல்லாததையும் கவனித்தாள். ஆனால் மரமரப்பு அப்படியே இருந்தது.

சில மாதங்கள் கழித்து மறு பரிசோதனைக்கு மதுரை வந்த அன்று, டாக்டருக்காகக் காத்திருந்த பெஞ்சில் பத்திரகாளி அய்யம்மாளைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவள் சடையை அவிழ்த்தாள். முடியை மூன்று காலாகப் பிரித்துக்கொண்டு, வேண்டுமென்றே கண்ணை மூடிப் பின்னத் தொடங்கினாள்.

"மெதுவா, மதினி! இது என்ன சரவெடியா?"

பத்திரகாளியின் கை சட்டென்று நின்றது.

"என்ன மதினி, வலிக்கா?"

"இல்லட்டீ. ஒரு கால் நழுவிருச்சு." அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "நழுவுனது தெரியுது."