முன்வாசல் வழியே வந்த நாற்காலி

என் வீட்டுக் கூடத்தில், மெத்தை வைத்த சோபாக்களுக்கு நடுவே, பச்சை ரெக்சின் தைத்த கனத்த மர நாற்காலி ஒன்று நிற்கிறது. ஒரு கால் குட்டை. அதன் அடியில் பால் டின் மூடியை ஆணியடித்து வைத்திருக்கிறோம். அப்படியும் உட்காருகிறவரைச் சற்று இடப்பக்கம் சாய்த்துவிடும். தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி என் பிள்ளைகள் அலுத்துவிட்டார்கள். நான் எழுதிய எதையும்விட இந்த நாற்காலி அதிகம் சாதித்திருக்கிறது என்றால் மட்டும் மறுப்பதில்லை. என் எழுத்தைப் படித்தவர்கள்.

நாற்காலி பெரியம்மாவுடையது. எழுபதுகளில் சிலிம் ரிவர் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, துரை பங்களாவில் கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து எடுத்தார். லாரியில் இடமில்லை என்றதும் தன் கட்டிலை விட்டுவிட்டு இதை ஏற்றிக்கொண்டார். சிலிபின் பகுதிக்கு ஒதுக்குப்புறமாக, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் வரிசை வீடுகள் எழுந்தன. அந்த வரிசைக்கே நாற்காலி என்று இருந்தது இது ஒன்றுதான். தண்ணீர்க் குழாய் என்று ஒன்றுகூட இல்லை. பெரிய சாலையைத் தாண்டி, சீனர் கடையின் பின்புறக் குழாயில், கடைக்காரர் மனம் வைத்தால் பிடித்து வரலாம். அவர் கடை சாத்திய நாளில் துணி துவைப்பதும் இல்லை, குளியலும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், தாமான் என்ற வசதியான குடியிருப்பு வீடுகளிலோ புல்லுக்கே ரப்பர் குழாயில் நீர் பாய்ச்சினார்கள்.

பெரியம்மா நகராண்மைக் கழகத்தின் படிகளில் ஏறி இறங்கியதில், கடைசியில் ஓர் அதிகாரி நேரில் வர இசைந்தார். வீடுகளின் நிலையைப் பார்த்து அவர் பரிந்துரைத்தால் பொதுக்குழாய். இல்லையென்றால் சீனர் கடைதான். அப்போது நான் படித்து முடித்து வேலை கிடைக்காமல், நூலகத்து நாளிதழ்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியில் ஆலோசனை சொன்னேன். "பெரியம்மா, நாம இல்லாதவங்கன்னு அவருக்குத் தெரியணும். நாற்காலிய ஒளிச்சு வைங்க."

"வீடு தேடி வர்ற ஆளத் தரையில உக்கார வைக்கிறதா? அவரு எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியிலதான் உக்காரணும். நீயும் பக்கத்து வீட்டு அண்ணனும் பின்வாசல் வழியா தூக்கிட்டு அவருக்கு முன்னாடியே அடுத்த வீட்டுக்கு ஓடுங்க. படிச்ச படிப்பு அதுக்காச்சும் ஆகட்டும் லா."

ஓடினோம். அதிகாரி மலாய்க்காரர், நல்ல கனம். முதல் வீட்டில் பெரியம்மா, "டுடோக், என்சே, டுடோக்" என்று மலாயில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்ட, உட்கார்ந்து இடப்பக்கம் சாய்ந்தார். இரண்டாம் வீட்டிலும் சாய்ந்தார், புருவம் உயர்ந்தது. வியர்வையைத் துடைத்த கைக்குட்டையை நாற்காலிக் கையில் போட்டார், மறந்து எழுந்துபோனார். உலகச் செய்திகள் அனைத்தையும் படித்த என் கண்ணில் அந்தக் கைக்குட்டை படவில்லை. மூன்றாம் வீட்டுக்குள் அவர் முன்வாசல் வழியே நுழைந்தபோது அது அவருக்காகக் காத்திருந்தது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு பின்வாசலில் மூச்சிரைக்க நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார். குழாய் போச்சு என்று நினைத்தேன்.

"இந்த வரிசைக்கே ஒரு நாற்காலிதானா?" என்று மலாயில் கேட்டார்.

பெரியம்மா தலை குனியவில்லை. பாதி மலாய், பாதி தமிழில் பதில் வந்தது. "ஒண்ணுதான் என்சே. ஆனா வந்தவங்க யாரையும் நாங்க நிக்க வச்சதில்ல."

அதிகாரியின் கையில் அந்த வீட்டார் கொடுத்த ரோஸ் சர்பத் இருந்தது. இதற்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டார். பெரியம்மா சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து, நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார். மறுபக்கத்தைப் பிடிக்கச் சொல்லி எனக்குச் சைகை. "இந்த முறை முன்வாசல் வழியாக," என்றார். வரிசை முழுவதும் வாசலுக்கு வந்து பார்க்க, நகராண்மைக் கழகமும் நானுமாக அதை நான்காம் வீட்டுக்குச் சுமந்துபோனோம்.

மழைக்காலம் முடிவதற்குள் குழாய் வந்தது. திறந்து வைக்க ஒரு பிரமுகரும் வந்தார். அவருக்கு நாற்காலி எங்கே என்று தேடினால், குழாயடியில் அதைப் போட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"எந்திரிங்க பெரியம்மா, பெரிய மனுசன் நிக்கிறாரு," என்றேன்.

"தண்ணி வர்ற வரைக்கும் நிக்கட்டும் லா. நாங்க எத்தன வருசம் நின்னோம்!"

பிரமுகர் சிரித்துவிட்டு, நின்றபடியே குழாயைத் திருகினார். வாளியில் விழுந்த முதல் தண்ணீர் தெறித்துச் சேலையெல்லாம் நனைந்தது. பெரியம்மா நகரவில்லை, சற்று இடப்பக்கம் சாய்ந்தபடி, கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

சென்ற வாரம் வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வந்ததால் நாற்காலியை வெளியே வைத்திருந்தேன். வேலை முடிந்து தூக்கியதும் என் கால்கள் தாமாகவே பின்வாசலைப் பார்த்து நடந்தன. பாதியில் நின்றேன். இடுப்பு வலித்தாலும் வீட்டைச் சுற்றி வந்து, முன்வாசல் வழியாகவே உள்ளே கொண்டுபோனேன்.